பாஸ்பரஸ் ஏறினாலும் சிக்கல், இறங்கினாலும் சிக்கல்: டயாலிசிஸ் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள

டயாலிசிஸ் எடுப்பவர் வீட்டுக்கு மாதாந்திர ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது கிரியாட்டினினைத்தான். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அந்த எண்ணுக்குப் பழைய மதிப்பு கிடையாது. கிட்னி எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று காட்டுவதற்கான எண் அது. அந்தக் கேள்விக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே. தவிர, கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. டயாலிசிஸ் எடுப்பவர்களில் அது கொஞ்சம் கூடுதலாக இருப்பவர் பெரும்பாலும் நல்ல தசைக்கட்டோடு இருப்பவர். அப்படிப்பட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்றுகூட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆயுளோடு சேர்த்துப் பேசவேண்டிய எண்கள் அதற்குக் கீழே இருக்கின்றன: பாஸ்பரஸ், கால்சியம், பொட்டாசியம். இவற்றைப் பற்றித்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். “பாஸ்பரஸ் ஏறிடுச்சா? பருப்பு, முட்டை, மீன் எல்லாத்தையும் நிறுத்திடுங்க.” “கால்சியம் மாத்திரை எலும்புக்கு நல்லதுதானே, எப்போ போட்டா என்ன?” டயாலிசிஸ் சென்டரின் காத்திருப்பு நாற்காலிகளில் இந்த மாதிரிப் பேச்சு ஓயாது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி ஆளை இளைக்கவைத்துப் படுக்கையில் தள்ளக்கூடியது.

இங்கே அதிகம் பேசப்போவது பாஸ்பரஸைப் பற்றி. ரொம்பவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நெப்ராலஜிஸ்டின் வேலை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கிக்கொள்வதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

## பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது

பாஸ்பரஸ் ஒரு கனிமம். எலும்பின் உறுதிக்கும், செல்கள் சக்தியைச் சேமித்துச் செலவழிப்பதற்கும் அது வேண்டும். உடம்பிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி செல்களுக்குள்ளே. ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. லேப் அளந்து சொல்வது அந்தத் துளியை மட்டும்தான்.

நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 2.5 முதல் 4.5 மி.கி. வரை பாஸ்பரஸ் இருக்கும். சாப்பாட்டில் கூடுதலாக வருவதைக் கிட்னி சிறுநீரில் தள்ளிவிடும். கிட்னி செயலிழந்ததும் அந்த வழி அடைபடுகிறது. சரி, டயாலிசிஸ்தான் அந்த வேலையைச் செய்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒருவர் தினமும் 1,000 மி.கி. பாஸ்பரஸ் உள்ள சாப்பாடு சாப்பிடுகிறார், குடல் அதில் 60 சதவீதத்தை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 600, வாரத்துக்கு 4,200 மி.கி. உள்ளே போகிறது. நான்கு மணி நேர ஹீமோடயாலிசிஸ், அதாவது ரத்தத்தை மெஷின் வழியே சுத்தம் செய்யும் முறை, ஒரு தடவைக்குச் சுமார் 800 மி.கி. எடுக்கும். வாரம் மூன்று முறை என்றால் 2,400. மிச்சம் 1,800 மி.கி. உடம்பிலேயே தங்குகிறது. நம் நாட்டில் செலவு, தூரம், துணைக்கு வர ஆளில்லாமை என்று பல காரணங்களால் நிறையப் பேர் வாரம் இரண்டு முறைதான் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தங்குவது 2,600. இது எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தும் கணக்கு கிடையாது. இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அந்த வழியிலும் ஓரளவு வெளியேறும். ஆனாலும் வரவுக்கும் செலவுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

மெஷினால் ஏன் கூடுதலாக எடுக்க முடிவதில்லை? யூரியா உடம்பிலுள்ள நீர் முழுவதிலும் கலந்திருப்பதால் சுலபமாக வந்துவிடும். பாஸ்பரஸ் செல்லுக்குள்ளும் எலும்பிலும் அடங்கிக் கிடக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது மளமளவென்று குறையும். அதற்குப் பிறகு உள்ளிருந்து மெதுவாகக் கசிந்து வருவதைத்தான் மெஷின் எடுக்க முடியும். டயாலிசிஸ் முடிந்து சில மணி நேரத்தில் ரத்த அளவு மறுபடி ஏறியும்விடும். அதனால் பாஸ்பரஸ் விஷயத்தில் நேரம்தான் பெரிது. கனடா போன்ற நாடுகளில் சிலர் வாரத்தில் ஐந்தாறு இரவுகள், தூங்கிக்கொண்டே, வீட்டிலேயே நீண்ட டயாலிசிஸ் எடுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு பாஸ்பரஸ் மாத்திரையே (சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் மாத்திரை) தேவைப்படுவதில்லை. அளவு ரொம்பக் குறைந்துபோய், டயாலிசிஸ் திரவத்தில் பாஸ்பேட் சேர்க்கவேண்டி வந்ததும் உண்டு. “மூணேகால் மணி நேரம் போதும் சிஸ்டர், எடுத்துவிடுங்க” என்று கெஞ்சுகிறவர் இழப்பது கடைசி நேரத்தின் அந்த மெதுவான கசிவை.

ஆக, சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸ் முழுவதையும் மெஷினால் எடுக்க முடியாது. மிச்சத்துக்கு மாத்திரையும் சாப்பாட்டுத் தேர்வும் வேண்டியிருக்கிறது.

## கழுத்திலிருந்து வரும் உத்தரவு

கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவைதான் பாராதைராய்டு. இவற்றிலிருந்து வரும் ஹார்மோனைச் சுருக்கமாக பி.டி.எச். என்பார்கள். ரத்தத்தில் கால்சியம் குறையவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் முதல் வேலை. கால்சியம் குறைந்தால் எலும்பைக் கரைத்தாவது ரத்தத்துக்குக் கொண்டுவரும்.

கிட்னி இங்கே இன்னொரு வகையிலும் சம்பந்தப்படுகிறது. வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் கிட்னிதான். கிட்னி கெட்டால் அந்த வடிவம் குறையும், குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, ரத்தத்தில் கால்சியம் தாழும். ஒரு பக்கம் கால்சியம் இறங்குகிறது, மறுபக்கம் பாஸ்பரஸ் ஏறுகிறது. இரண்டுமே பாராதைராய்டைத் தூண்டிவிடும். பி.டி.எச். பெருகி எலும்பைக் கரைக்கும்போது கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்தே வெளியே வருகிறது. நல்ல கிட்னியாக இருந்தால் அதே பி.டி.எச்.சின் உத்தரவுப்படி அந்த பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளியிருக்கும். இங்கே தள்ள ஆளில்லை. ஏறிய பாஸ்பரஸ் பாராதைராய்டை மறுபடி தூண்டும். வருடக்கணக்கில் இப்படியே போனால் சுரப்பிகள் வீங்கி, மருந்துக்கும் கட்டுப்படாமல், ஆபரேஷன் வரை போகும்.

பி.டி.எச்.சை நார்மலுக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். நலமானவர்களுக்கு அது ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 65 பிகோகிராமுக்குள் இருக்கும். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு அந்த மேல் எல்லையைப் போல 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாம் என்பது கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுக் குழுவின் பரிந்துரை. கிட்னி செயலிழந்தவரின் எலும்பு அந்த ஹார்மோனுக்குச் சீக்கிரம் அசைந்துகொடுப்பதில்லை. கொஞ்சம் அதிகமாக இருந்தால்தான் அதன் வழக்கமான தேய்மானமும் புதுப்பிப்பும் நடக்கும். ரொம்பக் குறைந்தால் எலும்பு மந்தமாகிவிடும். மந்தமான எலும்பு கால்சியத்தை உள்ளே வாங்காது. வாங்கப்படாத கால்சியம் எங்கே போகும்?

## ரத்தக்குழாயில் சுண்ணாம்பு: பைப் கதை எதுவரை உண்மை

போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் குழாய் வாயிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாக உப்புக் கறை படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், அளவு மிஞ்சும்போது கெட்டியாகிப் படிகிறது. டயாலிசிஸ் எடுப்பவரின் ரத்தக்குழாயைப் பற்றியும் டாக்டர்கள் ரொம்ப காலம் இப்படித்தான் நினைத்தார்கள். கால்சியம் அளவையும் பாஸ்பரஸ் அளவையும் பெருக்கி வரும் எண் இத்தனைக்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும் என்று ஒரு பெருக்கல் கணக்கே வைத்திருந்தார்கள். பழைய ஃபைல்களில் அந்தப் பெருக்குத்தொகையை இப்போதும் பார்க்கலாம்.

பைப் கதை பாதி தூரம் வரும். மீதி தூரத்துக்கு வராது. ஏனென்றால் பைப்புக்கு உயிர் இல்லை. ரத்தக்குழாயின் சுவரில் இருப்பவை உயிருள்ள தசைச் செல்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிசிலியா ஜியாசெல்லியின் ஆய்வுக்கூடம் மனித ரத்தக்குழாயின் தசைச் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, பாஸ்பேட் அளவைக் கூட்டிப் பார்த்தது. அந்தச் செல்கள் தசைச் செல்லுக்குரிய குணங்களை விட்டுவிட்டு, எலும்பை உருவாக்கும் செல்களுக்குரிய குணங்களை எடுத்துக்கொண்டன. அதாவது, குழாய்ச் சுவர் தானே எலும்பு கட்டத் தொடங்குகிறது. மேலே வந்து ஒட்டிய கறையைச் சுரண்டலாம், கரைக்கலாம். சுவரே எலும்பாக மாறினால் என்ன செய்வது? இன்றைக்கும் அதைத் திரும்பப் பழையபடி ஆக்குவதற்கு உறுதியான மருந்து கிடையாது.

அதே 2000ஆம் ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் அதிர்ச்சி தருவது. கலிபோர்னியாவில் கிட்னி செயலிழந்து டயாலிசிஸ் எடுத்த சிறுவர்களையும் இளைஞர்களையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 20 வயதுக்குக் கீழே இருந்த 23 பேரில் ஒருவருக்கும் இதயத் தமனியில் கால்சியப் படிவு இல்லை. 20 முதல் 30 வயது வரை இருந்த 16 பேரில் 14 பேருக்கு இருந்தது. முப்பது வயதுகூட ஆகாதவர்களின் இதயத்தில், முதியவர்களிடம் பார்க்கும் படிவு! படிவு இருந்தவர்கள் கால்சியம் கலந்த பாஸ்பரஸ் மாத்திரைகளை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டிருந்ததும் தெரிய வந்தது.

சுவர் இறுகிப்போன தமனி விரிந்து கொடுக்காது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கூடுதலாக முட்டித் தள்ளவேண்டும். இதயத்தின் இடது அறை தடிக்கும். டயாலிசிஸ் எடுப்பவர்களில் பெரும் பகுதியினர் இறப்பது கிட்னியால் இல்லை, இதயத்தாலும் ரத்தக்குழாயாலும்தான். ரத்தக் கனிம அளவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் இந்த வழியாகவே ஓடுகிறது.

## எண் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு

2004இல் அமெரிக்காவில் 40,538 டயாலிசிஸ் நோயாளிகளின் தகவல்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பாஸ்பரஸ் 4க்கும் 5க்கும் இடையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 5ஐத் தாண்டியதும் இறப்பு ஆபத்து மெல்ல ஏறத் தொடங்கியது. 9க்கு மேல் இருந்தவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. 2008இல் 12 நாடுகளைச் சேர்ந்த 25,588 பேரைத் தொடர்ந்து கவனித்த டாப்ஸ் ஆய்வு வெளியானது. இறப்பு மிகக் குறைவாக இருந்தது பாஸ்பரஸ் 3.6 முதல் 5.0, கால்சியம் 8.6 முதல் 10.0, பி.டி.எச். 101 முதல் 300 வரை இருந்தவர்களிடம். அந்த 12 நாடுகளில் இந்தியா இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அங்கெல்லாம் வாரம் மூன்று முறை டயாலிசிஸ்தான் பொதுவழக்கம்.

பலரும் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. பாஸ்பரஸ் ரொம்பக் குறைவாக, 3க்கும் கீழே இருப்பவர்களிடமும் இறப்பு கூடுதலாகத் தெரிகிறது. வரைபடமாகப் போட்டால் இரண்டு முனையும் மேலே ஏறி நடுவில் பள்ளமாக இருக்கும். பொட்டாசியத்திலும் இதே கதைதான். ரிப்போர்ட்டில் நார்மல் என்று 3.5 முதல் 5 வரை அச்சிட்டிருக்கும். 81,013 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து 2007இல் வந்த ஓர் ஆய்வில் ஆயுள் மிக நன்றாக இருந்தது டயாலிசிஸுக்கு முன் பொட்டாசியம் 4.6 முதல் 5.3 வரை இருந்தவர்களுக்கு. குறைந்தவர்களும் கூடியவர்களும் பின்தங்கினார்கள்.

குறைந்தால் ஏன் ஆபத்து? பாஸ்பரஸ் குறைந்ததால்தான் ஒருவர் இறக்கிறார் என்பது அநேகமாக இல்லை. சாப்பிடாதவருக்கு பாஸ்பரஸ் குறையும். கிருமித் தொற்றோ புற்றுநோயோ வந்து நொடிந்துகிடப்பவருக்கும் குறையும். அவர் ஏன் சாப்பிடவில்லை என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 2.8 என்று வந்ததும் “சூப்பர், கன்ட்ரோல்ல இருக்கு” என்று சந்தோஷப்படுவதற்கு முன் அவர் தட்டை ஒருமுறை பாருங்கள்.

## மாத்திரையால் எண் குறைந்தால் ஆயுள் கூடுமா

குறைந்த பக்கத்துக்குக் கேட்ட கேள்வியைக் கூடிய பக்கத்துக்கும் கேட்கவேண்டும். பாஸ்பரஸ் 8, 9 என்று இருப்பவர் யார்? டயாலிசிஸுக்கு அடிக்கடி வராமல் போகிறவராக இருக்கலாம். பாதியிலேயே எழுந்துவிடுகிறவராக இருக்கலாம். மாத்திரை வாங்கக் காசில்லாதவராக இருக்கலாம். அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் தனியாகவே ஆளைக் கொல்லக்கூடியவை. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே தென்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்கள் கணக்கில் இதையெல்லாம் கழித்துப் பார்க்கிறார்கள்தான், ஆனால் முழுக்கக் கழித்துவிட முடியாது.

இதற்கு ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து, யார் கூடுதல் காலம் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. அப்படிச் செய்த பெரிய சோதனைகள் நம்மைக் கொஞ்சம் அடக்கி வைக்கின்றன. பி.டி.எச்.சைக் குறைக்கும் சினகால்செட் மருந்தை 3,883 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். பி.டி.எச். குறைந்தது. ஆனால் இறப்பையும் பெரிய இதயப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்த முக்கியக் கணக்கில் மருந்துக் குழுவில் 48.2 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த குழுவில் 49.2 சதவீதம். தெளிவான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. கால்சியம் இல்லாத பாஸ்பரஸ் மாத்திரையான லாந்தனத்தையும் பழைய கால்சியம் கார்பனேட்டையும் ஜப்பானில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த முடிவு 2021இல் வந்தது. இதயப் பாதிப்பில் அங்கேயும் வித்தியாசம் தென்படவில்லை. செயல்படும் வைட்டமின் டியை எல்லோருக்கும் கொடுத்தால் இதயம் காக்கப்படுமா என்று ஜப்பானில் பார்த்த சோதனையும், 2018இல், இல்லை என்றே சொன்னது.

எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1970களில் பாஸ்பரஸைப் பிடிக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். பாஸ்பரஸை அருமையாகக் குறைத்தது. ஆனால் நோயாளிகள் பேச்சுத் தடுமாறி, நினைவு தப்பி, வலிப்பு வந்து இறந்தார்கள். டென்வர் நகரில் ஆலன் ஆல்ஃப்ரே என்ற மருத்துவரின் குழு, இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மண்டிக்கிடப்பதை 1976இல் காட்டியது. டயாலிசிஸுக்குப் பயன்பட்ட தண்ணீரிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் அது வந்திருந்தது. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் சில ஆன்டாசிட் சிரப்புகளில் இன்றைக்கும் அலுமினியம் உண்டு. டயாலிசிஸ் எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை பயனற்றது என்று இந்தச் சோதனைகள் காட்டவில்லை. பாஸ்பரஸ் மாத்திரையைச் சோதித்ததில் ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடுதான் ஒப்பிட்டார்கள். பாஸ்பரஸ் 8ல் கிடப்பவரை அப்படியே விடலாம் என்று எந்த நெப்ராலஜிஸ்டும் சொல்லமாட்டார். அரிப்பு, எலும்பு வலி, பாராதைராய்டு வீக்கம் என்று மற்றக் கேடுகளும் வரிசையில் நிற்கின்றன. கேடிகோவின் 2017 பரிந்துரையும், ஏறியிருக்கும் பாஸ்பரஸை நார்மலை நோக்கிக் குறைக்கப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. நார்மலைத் தொட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

## பருப்பை நிறுத்துவதுதான் பெரிய தவறு

டயாலிசிஸுக்கு முன்பு, கிட்னி பாதி வேலை செய்யும் காலத்தில், புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் இந்த அறிவுரை தலைகீழாகிவிடுகிறது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் கூறுகள் கொஞ்சம் வெளியேறுவதால், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். பழைய பத்தியத்தையே வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு, கஞ்சியும் ரசமும் சாப்பிட்டு எலும்பும் தோலுமாகிறவர்கள் ஏராளம். ரிப்போர்ட்டில் அல்புமின் என்ற வரி இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். அது ரத்தத்திலுள்ள முக்கியப் புரதம்.

சிக்கல் என்னவென்றால் புரதமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் ஒரே உணவில் சேர்ந்தே வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? 2008இல் கலிபோர்னியாவில் காம்யார் கலந்தர்-ஸாதேயின் குழு 30,075 பேரின் தகவல்களை இந்தக் கேள்வியோடு அலசியது. பாஸ்பரஸ் குறைந்து, கூடவே புரதம் கூடியவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். பாஸ்பரஸ் குறைந்தாலும் புரதமும் சேர்ந்து குறைந்தவர்களுக்கு இறப்பு அதிகம். இதுவும் கவனிப்பு ஆய்வுதான், குலுக்கல் சோதனை கிடையாது. ஆனால் என் பார்வையில், வீட்டில் சமைப்பவர் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் ஆய்வு இதுதான்.

வழி இருக்கிறது. எல்லா பாஸ்பரஸும் ஒன்றுபோல உடம்பில் சேர்வதில்லை. பருப்பு, பயறு, தானியங்களில் இருப்பது பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற வடிவத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படும். (இட்லி மாவு புளிக்கும்போது ஃபைட்டேட் ஓரளவு உடையும் என்பது உபரித் தகவல், அதற்காக இட்லியை விடவேண்டியதில்லை.) மீன், கறி, பாலில் உள்ளது அதைவிடக் கூடுதலாகச் சேரும். தொழிற்சாலை உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புதான் எல்லாவற்றிலும் மோசம். கட்டுண்டு இருப்பதில்லை என்பதால் ஏறக்குறைய முழுதாகவே உள்ளே போய்விடும். கறுப்பு கோலா பானம், பதப்படுத்திய சீஸ், நகெட்ஸ், சாசேஜ், பேக்கிங் பவுடர் போட்ட பேக்கரிப் பண்டங்கள் இதில் அடங்கும். பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்களில் ஒன்று இருந்தால் அது பாஸ்பேட். அமெரிக்காவில் 279 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சேர்மானப் பொருட்களைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்ததில் மட்டுமே, மற்றவர்களைவிட அவர்களின் பாஸ்பரஸ் 0.6 மி.கி. கூடுதலாக இறங்கியது என்று 2009இல் வெளியிட்டார்கள். பருப்பில் கைவைக்காமலே இது கிடைக்கிறது.

முட்டையின் வெள்ளைக்கரு இந்தக் கணக்கில் தங்கம். ஒன்றில் சுமார் 3.6 கிராம் புரதம் இருக்கும், பாஸ்பரஸ் 5 மி.கி. அளவுக்குத்தான். பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில் இருக்கிறது.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். கால்சியம் அசிட்டேட், கால்சியம் கார்பனேட், செவலமர் என்று எது கொடுத்தாலும், இவை சாப்பாட்டிலிருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும் மாத்திரைகள். எனவே சாப்பாட்டோடு போட்டால்தான் வேலை. காலையில் வெறும் வயிற்றில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் பிடிக்க எதுவும் இருக்காது. கால்சியம் மாத்திரையாக இருந்தால் அந்தக் கால்சியம் ரத்தத்துக்குப் போய், மேலே சொன்ன தமனிச் சுவருக்குத் தீனியாகும். “எப்போ போட்டா என்ன” என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஒரு மாத்திரை பிடிப்பது சில பத்து மி.கி. மட்டுமே என்பதால், பெரிய சாப்பாட்டுக்கு அதிக மாத்திரை, சின்னச் சாப்பாட்டுக்குக் குறைவு என்று பிரித்துப் போடச் சொல்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பையில் இருக்கவேண்டியது இந்த மாத்திரை.

## பொட்டாசியம் வேறு ரகம்

பாஸ்பரஸ் வருடக்கணக்கில் கெடுக்கும். பொட்டாசியம் சில மணி நேரத்தில் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். அது செல்களின் மின் ஓட்டத்தை ஆள்வது; 6.5, 7 என்று ஏறினால் அவசர சிகிச்சைதான். அமெரிக்காவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் எடுத்த 32,065 பேரை வைத்து 2011இல் வந்த ஆய்வில், இரண்டு நாள் இடைவெளி முடிந்த மறுநாள் இறப்பு தெளிவாகக் கூடியிருந்தது. வாரம் இரண்டு முறை எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு இடைவெளியும் அதைப்போல அல்லது அதைவிட நீளம். இளநீர், வாழைப்பழம், உலர்திராட்சை, சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் பொட்டாசியம் உப்பு ஆகியவற்றில் அவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். நட்சத்திரப் பழம் மட்டும் எந்த அளவிலும் வேண்டாம். அதிலுள்ள நச்சு ஒன்று கிட்னி இல்லாதவர்களின் மூளையைத் தாக்கும்.

## ரிப்போர்ட்டைக் கையில் எடுக்கும்போது

ரத்தம் டயாலிசிஸுக்கு முன்பு எடுத்ததா, பின்பா என்று முதலில் பாருங்கள். மேலே சொன்ன எண்கள் எல்லாம் முன்பு எடுத்ததற்கு உரியவை. பின்பு எடுத்தால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் பொய்யாகக் குறைந்து தெரியும். ஊசி குத்தி இழுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறியும் தெரியலாம்; சம்பந்தமில்லாமல் திடீரென்று ஏறியிருந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வது அதனால்தான்.

கால்சியத்தை அல்புமினோடு சேர்த்துப் படியுங்கள். ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போவது. அல்புமின் குறைந்தவருக்கு மொத்தக் கால்சியமும் குறைந்ததாகக் காட்டும், ஆனால் வேலை செய்யும் கால்சியம் சரியாகவே இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாத வேலை.

ஒரு மாத எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். கல்யாணம், தீபாவளி வந்த மாதம் பாஸ்பரஸ் ஏறியிருக்கும், காய்ச்சல் வந்த மாதம் இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாத ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்து, பாஸ்பரஸுக்குப் பக்கத்திலேயே அல்புமினையும், டயாலிசிஸ் முடிந்தபின் எடுக்கும் எடையையும் எழுதிப் பாருங்கள். பாஸ்பரஸ் 5.8, அல்புமின் 4.1, எடை நிலையாக இருக்கிறது என்றால் பாக்கெட் உணவையும் மாத்திரை போடும் நேரத்தையும் பற்றிப் பேசினால் போதும். பாஸ்பரஸ் 3.1, அல்புமின் 2.9, எடை மாதாமாதம் இறங்குகிறது என்றால், அடுத்த முறை டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டியது இவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை.